மண்ணுளிப் பாம்புக்கு 40 லட்சம்: வாங்க வருகிறவன் யார்?

கேள்வி: ஐயா, நாங்கள் போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமம். ரெண்டரை ஏக்கர் மாந்தோப்பு. இந்த வருஷம் பெங்களூரா காய்க்குப் பறிகூலிகூடக் கட்டவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்பு ஜேசிபி வைத்து வரப்பைச் சரிபண்ணும்போது ஒரு மண்ணுளிப் பாம்பு கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்து, மோட்டார் கொட்டகையில் பிளாஸ்டிக் டிரம்மில் மண் போட்டு வைத்திருக்கிறார். நாத்தனார் வீட்டுக்காரர் மூலமாக ஓசூரிலிருந்து ஒரு புரோக்கர் பேசுகிறார். பெங்களூரில் பார்ட்டி ரெடியாக இருக்கிறதாம், ரெண்டரை கிலோ இருந்தால் 40 லட்சமாம். எங்களுடையது 850 கிராம்தான். தீனி போட்டு ஏற்றுங்கள் என்கிறார். டெஸ்டிங் சார்ஜ் என்று 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். என் கம்மலை அடகு வைத்துக் கொடுத்தோம். இப்போது இன்னும் 30,000 கேட்கிறார். நம் நிலத்தில் கிடைத்த பாம்பை நாம் வைத்துக்கொண்டால் தப்பா? மாட்டினால் என்ன ஆகும்? கொடுத்த பணம் திரும்பி வருமா? வீட்டுக் கூண்டில் ஒரு பச்சைக்கிளியும் இருக்கிறது, அதற்கும் கேஸ் உண்டா? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பாம்பைவிட எனக்கு உறுத்தியது அந்தக் கம்மல்தான். முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். பாம்பை வைத்திருப்பது தப்பு. கொடுத்த 20,000 ரூபாய் திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம். கேட்கிற 30,000-ஐக் கொடுக்கவே வேண்டாம், அடுத்த கம்மல் இருந்தால் அதை உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வையுங்கள். ஆனால் இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது, இன்னும் நேரமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்ட வேண்டிய சங்கதிகள் கொஞ்சம் உண்டு.

நம் நிலத்தில் கிடைத்தது நம்முடையதுதானே என்று கேட்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் கிரிமினல் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்காத கட்சிக்காரர் ஒருவரும் இல்லை. பட்டா நிலம், மாங்காய், தேங்காய், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உங்களுடையது. அதில் ஊர்ந்து போகிற காட்டு உயிர் மட்டும் உங்களுடையது ஆகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு அர்த்தம் ரொம்பப் பெரியது. துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனால்தான் வேட்டை என்று இல்லை, உயிரோடு பிடிப்பதும் வேட்டை, கண்ணி வைப்பதும் வேட்டை, அதற்கு முயற்சி செய்வதும் வேட்டை. அதைத் தடுப்பது 9-ஆவது பிரிவு. 39-ஆவது பிரிவு அடுத்த படி: அப்படிப் பிடிபட்ட உயிர் அரசாங்கத்தின் சொத்து, அது எப்படிக் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும். உங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

இன்னொன்று இருக்கிறது, இதைக் கேட்டால் பலர் முகம் வெளுத்துப்போகும். மற்ற வழக்குகளில் நீ குற்றவாளி என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இங்கே காட்டு உயிர் உங்கள் கையில் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், அதைச் சட்ட விரோதமாகத்தான் வைத்திருந்தீர்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில். அது 57-ஆவது பிரிவு. வரப்பு வெட்டும்போது தானாக வந்து விழுந்தது என்று நீங்கள் சொல்வது சத்தியமாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு மேல் பன்னிரண்டு நாள் டிரம்மும் ஒரு தராசும் அதில் எடை பார்த்த வீடியோவும் இருக்கிறதே. (வீடியோ எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் 850 கிராம் என்பது புரோக்கருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். வாட்ஸ்அப்தான்.)

சரி, இப்போது பார்ட்டிக்கு வருவோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு இப்படி ஒரு கேஸ் வந்தது. ஐந்து பேர். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒருவர் டீக்கடை, இரண்டு பேர் கட்டட வேலை, ஐந்தாவது ஆள் ரியல் எஸ்டேட் என்று சொல்லிக்கொண்டார், அவர் சட்டைப் பையில் மட்டும் மூன்று போன். பாம்பைக் கோணிப்பையில் போட்டு மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்தார்கள். பெஞ்ச் கிளார்க் மேஜைக்குப் பக்கத்தில் பையை வைத்தவுடன் முன்வரிசையில் இருந்த வக்கீல்கள் எல்லோரும், நானும்தான், ஒரே நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டோம். வனக்காப்பாளர் பையின் வாயைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினார். அது பாவம், சுருண்டு தலையை அடியில் செருகிக்கொண்டு வாலை மட்டும் தூக்கி வைத்திருந்தது. வாலில் இரண்டு கருப்புத் தழும்பு, கண் மாதிரி. யாரோ சூடு வைத்து இரண்டாவது தலை செய்திருக்கிறார்கள். காட்டில் விட மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார், பாம்பு சாயங்காலம் விடுதலை. ஐந்து பேர் ஜாமீனுக்கு அலைந்தார்கள், அப்புறம் தினமும் ரேஞ்ச் ஆபீஸில் போய்க் கையெழுத்து. ஆட்டோ போனது போனதுதான், ஏனென்றால் குற்றத்துக்குப் பயன்பட்டுப் பிடிபட்ட வண்டியும் அரசாங்கச் சொத்தாகலாம் என்று அதே 39-ஆவது பிரிவு சொல்கிறது.

அந்த ஆட்டோக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரும்போது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "சார், இந்தப் பாம்பை வாங்குறவன் யாருன்னு நீங்களாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார்." கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் ரியல் எஸ்டேட்காரரிடம் கேட்டிருக்கிறார், ரியல் எஸ்டேட்காரர் சேலத்தில் ஒருவரைக் காட்டினார், சேலத்துக்காரர் பெங்களூர் என்றார், பெங்களூர்க்காரர் மும்பை பார்ட்டி என்றார், மும்பை போன் சுவிட்ச் ஆஃப். அந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் அடுத்தவனுக்கு விற்கலாம் என்று நம்பித்தான் வாங்க நினைத்தார்கள். பாம்பை வைத்து ஏதாவது செய்யப் போகிறவன், மருந்து அரைக்கிறவனோ பூஜை செய்கிறவனோ, ஒருத்தனும் அந்த வரிசையில் இல்லை. என் சர்வீஸில் அப்படி ஒருவனை நான் பார்த்ததும் இல்லை, பார்த்தேன் என்று சொன்ன போலீஸ்காரரையோ ரேஞ்சரையோ சந்தித்ததும் இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்தவரை இந்தப் பாம்புக்கு இருக்கிற கிராக்கி முழுக்க வதந்தியால் ஆனது. புதையல் காட்டும் என்பான் ஒருத்தன், எய்ட்ஸுக்கு மருந்து என்பான், ஆண்மை என்பான், வீட்டில் வைத்தால் லட்சுமி கடாட்சம் என்பான். எதற்கும் ஆதாரம் கிடையாது. நம் ஊரில் ரைஸ் புல்லிங் கலசம் என்று ஒரு கூத்து நடந்ததே, அரிசியை இழுக்கிற செம்பு, உள்ளே இரிடியம், கோடிக்கணக்கில் பார்ட்டி என்று, அதே வசனம்தான். சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. டெஸ்டிங் சார்ஜ் என்ற வார்த்தைகூட அங்கிருந்து அப்படியே வந்திருக்கிறது பாருங்கள்.

எடைக் கணக்கையும் கவனியுங்கள். ரெண்டரை கிலோ என்று ஏன் கேட்கிறார்கள்? கிடைக்காது என்பதற்காகத்தான். வளர்ந்த மண்ணுளியே மூன்றடி நீளத்துக்கு மேல் போவது அரிது. கிடைக்காத எடையைக் கேட்டால் பேரம் முடியவே முடியாது, முடியாத பேரத்தில் சார்ஜ் மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கலாம். இது நம்மூர்ப் புத்தி என்று நினைக்காதீர்கள். 2010, 2011 வாக்கில் மலேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் டோக்கே என்ற பெரிய பல்லிக்கு இதே கதை ஓடியது. எய்ட்ஸுக்கு மருந்து, இத்தனை கிராமுக்கு மேல் இருந்தால்தான் விலை, அதற்குக் கீழே ஒன்றும் பெயராது. ஜனங்கள் ராத்திரியெல்லாம் டார்ச் அடித்துப் பல்லி பிடித்தார்கள். கடைசியில் பிலிப்பைன்ஸ் சுகாதாரத்துறையே, அதில் மருந்தும் இல்லை மண்ணும் இல்லை, முறையான சிகிச்சையை விட்டுவிட்டு இதை நம்பாதீர்கள் என்று 2011-ல் அறிக்கை விடவேண்டியதாயிற்று.

தீனி போட்டு ஏற்றுங்கள் என்றானே, அதற்கு அடுத்த கட்டம் என்ன தெரியுமா? என் கட்சிக்காரர்களில் ஒருவர் சொன்னார், எடை ஏறுவதற்காகப் பாம்பின் வாயைத் திறந்து சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைத் தள்ளுவார்கள் என்று. அதைச் செய்யச் சொல்லிப் போன் வந்தால் தயவுசெய்து செய்யவிடாதீர்கள். முட்டை, பால் எதையும் ஊற்றவும் வேண்டாம். அது பால் குடிக்கிற ஜந்து இல்லை. உங்கள் தோப்பில் இருந்தவரை எலி தின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான் அதன் தொழில். விஷமும் கிடையாது.

எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பாட்டி மண்ணுளியைப் பார்த்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓடுவாள், அது நக்கினால் குஷ்டம் வரும் என்று. அதுவும் பொய்தான். ஆனால் அந்தப் பொய் பாம்பைக் காப்பாற்றியது, யாரும் கிட்டே போகவில்லை. இன்றைக்குப் பேரன்கள் அதைக் கையில் சுற்றிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

எல்லாக் கடத்தலும் இப்படிப் புரளி என்று சொல்லிவிட மாட்டேன். நட்சத்திர ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிஜமாகவே வாங்குகிறவன் இருக்கிறான், வீட்டில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிறவன், உள்ளூரிலும் உண்டு, பாங்காக் பக்கமும் உண்டு. 2015-ல் வந்த ஒரு ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்திலிருந்து மட்டும் வருஷத்துக்குக் குறைந்தது 55,000 ஆமை பிடிபட்டுப் போகிறது என்று கணக்குச் சொன்னது. 2019-ல் அதைக் காட்டு உயிர் வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் சேர்த்து, காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதை அடியோடு நிறுத்தினார்கள். எறும்புத்தின்னி என்கிற அழுங்கும் அப்படித்தான், அதன் செதிலுக்குச் சீன மருந்துக் கடைகளில் ஆள் இருந்தது. நம் நகம் எதனால் ஆனதோ அதேதான் அந்தச் செதிலும். 2020-ல் சீனாவே தன் அதிகாரப்பூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. அப்புறம் ஹத்தா ஜோடி என்று பூஜைச் சாமான்களோடு விற்கிறார்களே, கும்பிட்ட கை மாதிரி இருக்கும் வேர் என்று, அது வேரே இல்லை, உடும்பின் ஆண்குறியைக் காயவைத்தது. காசு கொடுத்து வாங்கி, குங்குமம் வைத்து, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். நான் சொன்ன பிறகு அவர்கள் முகம் போன போக்கை இங்கே எழுத முடியாது.

ஆக, வாங்குகிறவன் நிஜமாக இருக்கிற சரக்கும் உண்டு, இல்லாத சரக்கும் உண்டு. ஆனால் சிக்குகிற ஆள் இரண்டிலும் ஒருத்தன்தான், பையைக் கையில் வைத்திருக்கிறவன். நம் மாவட்டக்காரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி டீக்கடையில் இன்றைக்கும் மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆம்புலன்ஸில் வந்தது, மீசை எப்படி இருந்தது என்று. அத்தனை யானைத் தந்தத்தையும் சந்தனக்கட்டையையும் காசு கொடுத்து வாங்கியவர்கள் பெயரை யாராவது ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பாம்பு அந்தச் சட்டத்தின் நாலாம் பட்டியலில்தான் இருக்கிறது, ஃபைன் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று புரோக்கர் சொல்லியிருப்பான், அவர்கள் வழக்கமாகச் சொல்வது அது. அந்தப் பழைய நாலாம் பட்டியல் இப்போது இல்லை. சட்டத்தை 2022-ல் திருத்தி, 2023 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், நம் நாட்டு விலங்குகளுக்கு இப்போது இரண்டே பட்டியல். முதல் பட்டியல் உயிர் என்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை, கூடவே 25,000-க்குக் குறையாத அபராதம். இரண்டாம் பட்டியல் என்றால்கூட 3 வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. முயற்சி செய்தவன், உடந்தையாக இருந்தவன் எல்லோருக்கும் அதே தண்டனை என்று 52-ஆவது பிரிவு சொல்கிறது, ஆகவே உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் நான் சும்மா போன் நம்பர்தான் கொடுத்தேன் என்று தப்பிக்கப் பார்த்தால் அது எடுபடாது. போலீஸில் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்று ஊரில் எல்லோரும் சட்டம் பேசுவார்கள், வனத்துறை வழக்கில் அதையும் நம்ப வேண்டாம். உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையிலேயே பதிவு செய்கிற சாட்சியத்தைப் பிற்பாடு விசாரணையில் எடுத்துக்கொள்ளலாம் என்று 50-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

பணம். சட்ட விரோதமான காரியத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது, எனவே சிவில் கோர்ட்டில் வசூலுக்குப் போட வழியில்லை. மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை, ஆனால் எதற்காகப் பணம் கொடுத்தீர்கள் என்ற முதல் கேள்விக்கே பாம்பு வெளியே வந்துவிடும். அதனால்தான் இந்தப் புரோக்கர்கள் இத்தனை தைரியமாக இருக்கிறார்கள். ஏமாந்தவன் வாயைத் திறக்கமாட்டான் என்பது அவர்களுக்கு முதலீடு மாதிரி. முதலில் பாம்பை ஒப்படைத்துவிட்டு, அதற்கப்புறம் புகார் கொடுத்தால் உங்கள் நிலை வேறு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த வியாபாரத்தில் எப்போதாவது, ரொக்கத்தோடு, டீசென்டான சட்டை போட்டுக்கொண்டு, சரக்கைக் காட்டுங்கள் என்று ஒரு பார்ட்டி உண்மையிலேயே வந்து நின்றால், அவர் மஃப்டியில் வந்திருக்கும் வனத்துறைக்காரராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ஐந்து பேரும் அப்படித்தான் மாட்டினார்கள். இல்லையென்றால் பணத்தைப் பிடுங்குவதற்காகவே தனி இடத்துக்கு வரச்சொல்கிற கும்பல். இரண்டில் எது வந்தாலும் உங்கள் வீட்டுக்காரர் போகவே கூடாது.

இனி என்ன செய்வது.

பயத்தில் பாம்பைக் கொன்று புதைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், இருக்கிற தப்போடு பெரிய தப்பு சேரும். ராவோடு ராவாக எங்காவது விட்டுவிட்டு வந்துவிடலாமே என்றும் தோன்றும். பாம்புக்கு அது நல்லதுதான், ஆனால் வீடியோ ஏற்கெனவே எத்தனை போனில் சுற்றுகிறதோ, நாளைக்கு வேறு கேஸில் அந்தப் புரோக்கர் மாட்டி அவன் போனைத் திறந்தால் உங்கள் டிரம் அதில் இருக்கும், பாம்பு எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. பையில் போட்டு டூவீலரில் ரேஞ்ச் ஆபீஸுக்கு எடுத்துப்போவதும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் போவீர்கள், வழியில் செக்போஸ்ட்டில் நிறுத்தினால் அது கடத்தலாகத்தான் தெரியும்.

முதல் வேலையாகக் கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், அது 1987-ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமை, யார் தயவும் இல்லை. நீங்கள் அங்கே சொல்வது வெளியே போகாது. அந்த வக்கீலை வைத்துக்கொண்டு உங்கள் பகுதி வனச்சரகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இரண்டு நகல். இன்ன தேதியில் வரப்பு வேலையில் பாம்பு வந்தது, சட்டம் தெரியாமல் பிடித்து வைத்தோம், இன்னார் விலை பேசிப் பணம் வாங்கினார், இப்போது ஒப்படைக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளதை உள்ளபடி. ஒரு வரி கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ கூட இருக்கட்டும். புரோக்கர் அனுப்பிய மெசேஜ், ஆடியோ, பணம் அனுப்பிய ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் மறைத்த மாதிரி ஆகும், இருந்தால் ஏமாற்றப்பட்டதற்குச் சாட்சி.

அப்படிச் செய்தால் வழக்கே வராது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், அப்படித் தருகிற வக்கீலை நம்பவும் வேண்டாம். ஆனால் தானாக வந்து கொடுத்தவனையும் கையும் களவுமாகப் பிடிபட்டவனையும் ரேஞ்சரும் ஒரே மாதிரி பார்க்கமாட்டார், மாஜிஸ்திரேட்டும் பார்க்கமாட்டார். பேரம் நடத்திய ஆளைக் காட்டிக்கொடுக்கிற தகவல் உங்களிடம் இருப்பது அவர்களுக்கும் தேவை.

உங்கள் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவரைப் பேராசைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வருஷம் பூரா பார்த்த தோப்பில் காய் விலை பறிகூலிக்குக்கூட ஆகவில்லை என்றால், அதே மண்ணிலிருந்து 40 லட்சம் தலை நீட்டுகிறது என்று எவன் சொன்னாலும் கேட்கத்தான் தோன்றும். அதனால் சண்டை போடாமல் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 40 லட்சம் கையில் வைத்திருக்கிறவன் நம்மிடம் 20,000 எதற்குக் கேட்டான்? அதை அந்த 40 லட்சத்தில் கழித்துக்கொள்ள வேண்டியதுதானே? புரோக்கரிடமே இதைச் சொல்லச் சொல்லுங்கள். சார்ஜைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்று. என்ன பதில் வருகிறது என்று ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளட்டும், அதற்கு மேல் போன் எடுக்க வேண்டாம்.

கிளிக்கும் கேஸ் உண்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளி இப்போது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, நாட்டுப் பறவைகளை வாங்குவதும் விற்பதும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே தடை. கடையில் கலர் கலராக விற்கிற லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம், அது வேறு விஷயம். பாம்புக்காக வனத்துறைக்காரர்கள் வீட்டுக்கு வரும்போது கூண்டு கண்ணில் படாமலா போகும், எனவே அதே கடிதத்தில் கிளியையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூண்டைத் திறந்து நீங்களே பறக்கவிடாதீர்கள், ரொம்ப நாள் அடைபட்ட கிளிக்கு இரை தேடத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பூனைக்குத்தான் லாபம். பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும், இரண்டு நாள்.

அவர்கள் வருகிறவரை டிரம்மைக் கொட்டகையின் தகரத்துக்குக் கீழே வைக்காமல் நிழலுக்கு நகர்த்துங்கள். மூடியில் நாலைந்து ஓட்டை இருக்கிறதா, மண் ரொம்ப ஈரமாக இல்லையா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் போதும்.